ஏழு செகண்டுச் சிரிப்பு

— ஜன்னல் திரையை விடுங்க அண்ணி. நீங்க எட்டிப் பாக்கறதையும் எவனாவது ஜூம் பண்ணி எடுத்துட்டிருப்பான்.

— மெழுகுவத்தியோட நிக்கறாங்க தம்பி. அவர் பாட்டைத்தான் பாடறாங்க.

— பாட்டுக்கு நடுவுல என்ன கத்தறாங்கன்னு கேட்டீங்களா?

— கேட்டேன்.

— முந்தாநாள் உங்க புருஷனைத் தூக்கிட்டுப் போனப்போ வண்டி சக்கரத்துல விழுந்து அழுத கூட்டம் இது. இன்னிக்குக் காலைல அந்த வீடியோ வந்ததும் மாறிப்போச்சு. அழுது அழுது ஓஞ்சு போனவங்களுக்குத் திட்டறதுக்கு ஒரு ஆள் கெடைச்சாச்சு. உக்காருங்க அண்ணி, ப்ளீஸ்.

— உக்கார்றதுக்கென்ன. உக்காந்தா மட்டும் அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்களா?

— நீங்க அங்கயும் இங்கயும் நடந்தா எனக்குப் படபடங்குது. அவருக்கு இத்தனை வருஷம் மேனேஜரா இருந்தேன். கச்சேரி நின்னு போயிருக்கு, மேடை சரிஞ்சிருக்கு, எல்லாத்தையும் சமாளிச்சேன். இதை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியல.

— நிறைய பேர் பாத்துட்டாங்களா அதை?

— போன் வெச்சிருக்கற எல்லாரும் பாத்தாச்சுன்னு வெச்சுக்குங்க. ஏழு செகண்டுதான். அவர் பெட்டியில படுத்திருக்கார், பக்கத்துல நீங்க நின்னு சிரிக்கறீங்க. சும்மா உதடு கோணினதுன்னு சொல்லவும் வழியில்ல. நல்லா, பல்லு தெரிய. அதை ஸ்லோ மோஷன்ல ஓட்டி, பின்னாடி அவர் பாட்டையே போட்டு விட்டிருக்காங்க.

— எந்தப் பாட்டு?

— அதுவா அண்ணி இப்ப முக்கியம்?

— சும்மா கேட்டேன்.

— அது பத்தாதுன்னு ஒரு ஆடியோ வேற சுத்துது. கம்ப்யூட்டர்ல அவர் குரலை அப்படியே செஞ்சு, மேல இருந்து பேசற மாதிரி. 'நான் தானா சாகல, என் வீட்டுல கேளுங்க'ன்னு அழறார்.

— போடுங்க, கேக்கறேன்.

— வேண்டாம் அண்ணி.

— அவர் குரல்தானே. போடுங்க.

— அது அவர் இல்லைன்னு சொல்றேன்ல. கேட்டா உங்களுக்குத் தாங்காது.

— ஊரெல்லாம் கேட்டுட்டு என் கேட்டுல வந்து நிக்குது. நான் கேக்கக் கூடாதா?

— வேற விஷயம் இருக்கு. போலீஸ்ல மனு குடுத்திருக்காங்க. நெஞ்சு வலி எப்ப வந்துச்சு, ஆம்புலன்ஸை எப்பக் கூப்பிட்டீங்க, நடுவுல என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு உங்களை விசாரிக்கணுமாம்.

— என்ன பண்ணேன்? செருப்பு கூடப் போடாம ரோட்டு முனை வரைக்கும் ஓடினேன், வண்டிக்காரனுக்கு வீடு தெரியாதேன்னு. கால்ல இன்னும் காயம் இருக்கு.

— எனக்குத் தெரியும் அண்ணி. அவங்களுக்கு யார் சொல்றது? அவர் பல்லைப் புடுங்கின டாக்டர் கூட எக்ஸ்ரேயைப் போட்டு அழுதிருக்கார். செருப்புக் கடைக்காரன் கருப்பு ரிப்பன் போட்டுட்டு, கீழயே தள்ளுபடியும் போட்டிருக்கான். அவங்க அழுதது எல்லாம் கணக்குல வந்துடுச்சு. நீங்க ஒரு வரி கூட எழுதல, ஒரு கேமரா முன்னாடி அழல. நீங்க அழுததை நான் ஒருத்தன்தான் பாத்தேன்.

— எழுதத் தெரியலப்பா. என்னன்னு எழுதுவாங்க?

— சரி. சிம்பிளா சொல்றேன், கேளுங்க. ரெண்டே வழிதான். நீங்களே கேமரா முன்னாடி உக்காந்து, அன்னிக்கு ஏன் சிரிச்சேன்னு சொல்றது ஒண்ணு. இல்லேன்னா, அந்த வீடியோவை எடுத்தது எவன்னு கண்டுபிடிச்சு வெளிய விடறது.

— எடுத்தவங்களை விட்டுடுங்க.

— ஏன் விடணும்? சாவு வீட்டுக்குள்ள வந்து போனைத் தூக்கினவன். அவன் யாருன்னு காட்டிட்டா இந்தக் கூட்டம் மொத்தமும் அவன் பக்கம் திரும்பிடும். நமக்கு மூச்சு விட நேரம் கெடைக்கும்.

— அவங்க வீட்டு வாசல்ல போய் நிப்பாங்க.

— நிக்கட்டும்.

— கத்துவாங்க. கல்லு எறிவாங்க.

— எறியட்டுமே. உங்களுக்கு ஏன் அண்ணி அவன் மேல இவ்வளவு கரிசனம்?

— யாரா இருந்தா என்ன, ஒரு வீடுதானே அதுவும்.

— எனக்கு இது புரியவே மாட்டேங்குது. காலைல இருந்து பாக்கறேன், அந்தப் பேச்சை எடுத்தாலே நீங்க எந்திரிச்சு ஜன்னல்கிட்டப் போயிடறீங்க.

— பாப்பா எதுவும் சாப்பிடல தம்பி. உள்ள கதவைச் சாத்திக்கிட்டு படுத்திருக்கா.

— அப்பா போன துக்கம். கொஞ்சம் விடுங்க அவளை. அவ போட்டோ போடற பக்கத்துலயும் வந்து கண்டபடி எழுதறாங்க, 'உங்கம்மாவை நம்பாதே, வீட்டை விட்டு வெளிய வந்துடு'ன்னு. காலேஜ் பேரைக் கூடக் கண்டுபிடிச்சுப் போட்டுட்டாங்க.

— காலேஜ் பேரா?

— அதுக்குத்தான் சொல்றேன், சீக்கிரம் ஏதாவது பண்ணணும்னு. நாளைக்கு நினைவுக் கூட்டம் இருக்கே, அந்த ஹால்காரர் மதியம் பேசினார்.

— என்னவாம்?

— அது வந்து... நீங்க வர வேண்டாம்னு நினைக்கறாங்க. பாதுகாப்பு விஷயமாத்தான்.

— அவர் கூட்டத்துக்கு.

— வந்தா கலாட்டா ஆகும்னு பயப்படறார். நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்.

— அதுக்கென்ன. அவர் கூட்டத்துல நான் என்னிக்கு முன் வரிசையில உக்காந்திருக்கேன். பாப்பாவை விடுவாங்கள்ல?

— அவளை விடுவாங்க. அவ மேல எல்லாருக்கும் பாவமா இருக்கு.

— அப்படியே இருக்கட்டும். அது போதும்.

— என்ன போதும்? இருங்க, எடிட்டர் கூப்பிடறார். ம், சொல்லுங்க. ஆமா, வீட்டுலதான் இருக்கேன். பூவா? பூவுக்கென்ன? ம். நல்லாப் பாத்தீங்களா? சரி, யார்கிட்டயும் பேசாதீங்க. நான் கூப்பிடறேன்.

— யாரு எடிட்டரு?

— அவர் பாட்டுக்கெல்லாம் வீடியோ பண்ணித் தருவாரே, அவர்தான். அந்த ஏழு செகண்டை நிறுத்தி நிறுத்திப் பாக்கச் சொல்லியிருந்தேன். பெட்டி மேல ஒரு பூ கூட இல்லையாம் அண்ணி.

— அதனால என்ன?

— கதவைத் திறந்து ஜனங்களை விட்ட கொஞ்ச நேரத்துலயே பெட்டி பூவுக்குள்ள போயிடுச்சு. முகம் மட்டும்தான் தெரிஞ்சுது. அப்ப இது கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி எடுத்தது.

— யாராவது பூவை ஒதுக்கி வெச்சிருப்பாங்க.

— யாரு ஒதுக்கினது? நான் அங்கேயேதானே நின்னேன்.

— சமையலுக்கு வர்ற அம்மா துடைக்கறேன்னு எடுத்திருப்பாங்க.

— அவங்க அன்னிக்கு வரவே இல்ல. அண்ணி, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? ஃபேன் ஓடிட்டுதான் இருக்கு.

— தம்பி, நீங்க சொன்ன மொத வழியையே பண்ணிடலாம். நான் பேசறேன். எங்க உக்காரணும், சொல்லுங்க.

— இவ்வளவு நேரம் பேச்சையே மாத்திட்டிருந்தீங்க.

— இப்ப பேசறேங்கறேன். வெளிச்சத்தைப் போடுங்க. ஆமா, சிரிச்சேன், அவர் போனது எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, அதான் சிரிச்சேன்னு சொல்லிடறேன்.

— என்ன பேசறீங்க நீங்க?

— எங்களுக்குள்ள ஒத்துப் போகலன்னு சொல்றேன். கூட இருந்தே முடியலன்னு சொல்றேன். அவங்களுக்கு அதுதானே வேணும். கேட்டுட்டு என்னைத் திட்டிட்டுப் போகட்டும்.

— திட்டிட்டா? உயிரோட விடமாட்டாங்க உங்களை.

— என்னைத்தானே.

— அண்ணி, என் முகத்தைப் பாருங்க. அன்னிக்கு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, குடும்பம் மட்டும் அவரோட கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு கதவைச் சாத்தினதே நான்தான். உள்ள நீங்க இருந்தீங்க. வேற யார் இருந்தா?

— கேமராவை வைங்க தம்பி.

— வேற யார் அண்ணி இருந்தா?

— உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கேக்காதீங்க.

— பாப்பாவா?

— அவ சின்னப் பொண்ணு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. இந்தக் கூட்டத்துக்கு மட்டும் இது தெரிஞ்சுது, அவ இனி ரோட்டுல நடக்க முடியாது. என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்கட்டும், எனக்கு அம்பது வயசாகப் போகுது. அவ இன்னும் எத்தனை வருஷம் இருக்கணும்.

— மாமா, நான்தான் எடுத்தேன்.

— நீ ஏன்டி வந்தே? உள்ள போ.

— போகமாட்டேன்ம்மா. காலைல இருந்து கதவுகிட்டதான் உக்காந்து கேட்டுட்டிருக்கேன். நான்தான் எடுத்தேன் மாமா. என் போன்லதான்.

— எப்படி பாப்பா மனசு வந்துச்சு உனக்கு? அப்பா அங்க கெடக்கறார். நாலு பேர் பாக்கணும்னு அம்மாவைப் படம் பிடிச்சுப் போட்டியா?

— நான் போடல. சத்தியமா போடல. கூடப் படிக்கற பொண்ணு ஒருத்திக்கு மட்டும்தான் அனுப்பினேன். அவ அவங்க அக்காவுக்குக் காட்டினாளாம். அப்புறம் எப்படிப் போச்சுன்னு அவளுக்கே தெரியலங்கறா. அழறா.

— அவளுக்கு மட்டும் எதுக்கு அனுப்பணும்? காட்சியா இது?

— அவளுக்கு எடிட்டிங் தெரியும். அதுல இருந்து ஒரு போட்டோ எடுத்துக் குடுன்னு கேட்டேன்.

— என்ன போட்டோ?

— பாப்பா, போதும்.

— நீ சொல்லும்மா. நீ சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன். என்னைக் காப்பாத்தறேன்னு நீ அப்பாவையே பிடிக்கலன்னு சொல்லப் போறே. அதைக் கேட்டுட்டு நான் எப்படிம்மா இருப்பேன்?

— என்ன நடந்துச்சு அண்ணி? தெளிவாச் சொல்லுங்க.

— நான்தான் தம்பி எடுக்கச் சொன்னேன்.

— எதை?

— போட்டோவை. அவரோட நான் நிக்கற மாதிரி ஒண்ணு. நாங்க எங்க போனாலும் ஜனங்க ஓடி வருவாங்க. 'அக்கா, ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க'ன்னு போனை என் கையில திணிச்சுட்டு அவர் பக்கத்துல போய் நிப்பாங்க. நானும் எடுத்துக் குடுப்பேன். தலை வெட்டாம, வெளிச்சம் பாத்து நல்லா எடுப்பேன்னு அவரே சொல்வார். இப்ப ஊரே அதைத்தான் போட்டு அழறாங்க. நேத்து பாப்பா போன்ல தள்ளித் தள்ளிப் பாத்தேன், அதுல பாதி நான் எடுத்தது.

— உங்களுதுன்னு ஒண்ணு கூடவா இல்ல? கல்யாணத்தன்னிக்கு எடுத்தது?

— சாட்சிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே தம்பி. மறந்துட்டீங்களா? அவர் மொத பாட்டு அப்பத்தான் எல்லா இடத்துலயும் ஓடிட்டிருந்துச்சு. கல்யாணம் ஆனது வெளிய தெரியக் கூடாது, கேமராவே வேண்டாம்னீங்க.

— ஆமா. சொன்னேன்.

— நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. அப்புறம் பாப்பா பொறந்தா. அவளையும் அவரையும் எடுத்துட்டே இருந்தேன். நானும் போய் பக்கத்துல நிக்கணும்னு அவருக்கும் தோணல, எனக்கும் தோணல. அன்னிக்கு நீங்க கதவைச் சாத்திட்டுப் போனப்புறம்தான் திடீர்னு தோணுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல கூட்டம் வந்துடும், அப்புறம் தூக்கிட்டுப் போயிடுவாங்க. பாப்பா, ஒண்ணே ஒண்ணு எடுத்துடுடின்னேன்.

— எனக்கு ஸ்க்ரீனே தெரியல மாமா. கண்ணெல்லாம் தண்ணி. போட்டோன்னு நினைச்சு வீடியோவை அமுக்கிட்டேன்.

— எனக்கு அது எங்க தெரியும்? முடியைச் சரி பண்ணிக்கிட்டு, இதோ எடுத்துடுவா, இதோ க்ளிக்னு சத்தம் கேக்கும்னு சிரிச்ச முகமா நின்னுட்டே இருந்தேன் தம்பி.