லகாட் மணல்ல நெலாப் படம்

இல்ல தம்பி, நான் வாயத் தொறந்தா அந்த டைரக்டர் குரல் வந்து விழும்னு பாத்துக்கிட்டே இருக்கீங்க பாருங்க, ஒரு கண்ணாடி இருந்தா அந்த மூஞ்சிய உங்களுக்கே காட்டிருவேன். தைப்பிங்ல மழையில நனைஞ்சு, ரெண்டு மணி நேரம் பஸ்ல ஆடி, புந்தோங்ல வீடு வீடா அப்பாவு எங்க அப்பாவு எங்கன்னு கேட்டு, கடைசில இந்தக் கொப்பிக் கடையில வந்து புடிச்சிட்டீங்க. எதுக்கு? அவரு பேச்சுக்கு நடுவுல ஒரு கனைப்புக் கனைப்பாரே, அதுக்கு. என் தொண்டையவே பாக்குறீங்க. எச்சி முழுங்குனேன்லா, வேற ஒண்ணுமில்ல.

தேத்தண்ணி ஆறுது, குடிங்க. நீங்க கேட்டத நானே ஒருக்கா சொல்றேன், சரியான்னு பாருங்க. வர்ற வெள்ளிக்கெழம ஈப்போவுல நெலாப் படம் ரிலீசு. மூணு வருசமா இந்தா வருது அந்தா வருதுன்னு இழுத்து, எம்பத்திரெண்டுலதான் பொட்டி வந்து சேந்துருக்கு. மொத ஆட்டத்துக்கு முன்னால நான் மேடையேறி, டைரக்டர் அமிர்தகடேசன் குரல்ல, செத்துப் போன நம்ம பத்துமலைக்கு அஞ்சலி சொல்லணும். அவரோட ரசிகன், நெலாப் படத்துக்காக உசுர வுட்டவன்னு. மொத வரிசையில அவன் பொண்டாட்டி முத்தம்மா உக்காந்திருக்கும். மாலை போடுவீங்க, போட்டோ புடிப்பீங்க. அதானே?

நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க. ஆனா நான் மாட்டேன். எவ்வளவு குடுத்தாலும் மாட்டேன். ஏன்னு கேக்காதீங்கன்னா கேக்கத்தான் செய்வீங்க, சினிமா சங்கத்து செக்ரட்டரி வேற.

அவரு படத்துக்கு நீங்க எந்தக் கட்சி, அழுத கட்சியா, கல்லெறிஞ்ச கட்சியா? ஆங், அது கண்ணப் பாத்தாலே தெரியுதே.

அந்தாளோட முந்துன படம் எங்க ரப்பர் தோட்டத்துக்கு வந்தப்ப நீங்க பாத்திருக்கணும். ஒருத்தன் கெணத்தடியில உக்காந்திருக்கான். உக்காந்திருக்கான். நான் எந்திரிச்சுப் போயி ஒரு சுருட்டக் குடிச்சு முடிச்சிட்டு வாரேன், இன்னமும் உக்காந்திருக்கான். பாட்டுமில்ல, சண்டையுமில்ல. திடல்ல பாதிப் பேரு பாயச் சுருட்டிட்டு கல்லு பொறுக்குறான். மீதிப் பேரு மூக்கச் சிந்திச் சிந்தி அழுவுறான். அழுவுறவன் கல்லெறியிறவன அடிக்கப் போறான். கடைசில திரையில ஒரு ஓட்டை. அப்பறம் எந்தப் படம் போட்டாலும் கதாநாயகி கன்னத்துல அந்த ஓட்டை வந்து மச்சம் மாதிரி நிக்கும்.

தோட்டம் தோட்டமாப் போயிப் படம் காட்டுற வேன்ல நான் வேல பாத்தேன். தவுக்கே மொதலாளிகிட்ட ஒத்த மிஷினுதான். ஒரு ரீலு முடிஞ்சா லைட்டப் போட்டு அடுத்த ரீலு மாட்டணும். அதுக்குள்ள சனம் எந்திரிச்சுப் போயிறக் கூடாதுல்ல, நான் மைக்கப் புடிச்சுக் குரல் பண்ணுவேன். பெரட்டுக் களத்துல பேர் கூப்புட்டுக் கத்துற மண்டோர், தமிழ் பேசுற வெள்ளக்காரத் தொர, யார வேணும்னாலும். சிரிப்பு ஏறணும், ஏறி உச்சில நிக்கிறப்ப லைட்டு அணையணும். கொஞ்சம் முந்துனா பொசுக்குன்னு போயிரும். பிந்துனா சனம் அலுத்துரும். அதுல நான் ஒரு நாளும் தப்புனது இல்ல தம்பி. பெரும பேசல, உள்ளதச் சொல்றேன்.

எழுபத்தெட்டுல ரேடியோவுல அவரு பேட்டி வந்துச்சே, கேட்டீங்களா? அடுத்தது விஞ்ஞானப் படம், ஒரு மனுசன் நெலாவுல போய்த் தனியா மாட்டிக்கிறான்னு. அவ்வளவுதான் சொன்னாரு. அதுக்கு இந்தக் கடையில ஒரு மாசம் சண்ட. சீனின்னு ஒருத்தன், கல்லெறிஞ்ச கட்சிக்குத் தலைவன். இப்ப நான் சீனி, பாருங்க: டேய், கெணத்தடியிலயே மூணு மணி நேரம் உக்கார வச்சவன்டா, நெலாவுல உக்கார வச்சா எவன்டா எந்திரிச்சு வருவான்? இந்தாண்ட அழுத கட்சி: அதுதான்டா கலை, உனக்கு எங்க வெளங்கும்! லயத்து வீட்டுப் பொம்பளைங்களுக்கு வேற கவல. நெலாவுல பால்மரம் இருக்குமா? இருந்தா யாரு வெட்டுவா? அங்கயும் விடியக்காலயிலயே பெரட்டா? ஒரு அம்மா கேட்டுச்சு, அங்க பிரஜா உரிம இல்லாத செவப்பு ஐசிக்காரவங்களுக்கு வேல குடுப்பாங்களாய்யான்னு. எல்லாரும் சிரிச்சோம். அந்தம்மா சிரிக்கல.

சிரிக்கிறீங்கல்ல? சிரிங்க. இனிமே கொஞ்சம் கொறையும்.

பத்துமலையும் நானும் ஒரே லயத்துல பொறந்தவங்க. தோட்டத்தத் துண்டு துண்டா வித்தப்ப அவன் லகாட் பக்கம் போயி லோரியில ஏத்தி எறக்குற வேல பாத்தான். கறுப்பா, நெட்டையா, வாயே தொறக்க மாட்டான். டைரக்டர் பேர எடுத்தாத்தான் வாய் தொறக்கும். மச்சான், அந்தக் கெணத்தடி ஆளு எங்கப்பா மாதிரியே இருக்கான், வேல போனதுக்கப்பறம் எங்கப்பா அப்படித்தான் உக்காந்திருந்தாருன்னு ஒருக்கா சொன்னான்.

அவன்தான் மொதல்ல சொன்னது, லகாட் பழைய ஈய லம்பம் இருக்கே, அது அப்படியே நெலா மாதிரின்னு. உண்மதான். ஈயத்த எடுத்துட்டு வுட்ட எடம். கண்ணுக்கெட்டுன வரைக்கும் வெள்ள மணலு, பள்ளமும் மேடும், புல்லு பூண்டு கெடையாது. டைரக்டருக்குக் காயிதம் எழுதுனான். ஐயா, நெலாவ இங்க வந்து எடுங்க, செலவு மிச்சம்னு. பதினாலு காயிதம். ஒண்ணுக்கும் பதிலில்ல. தெனம் வேல விட்டு வந்து இந்த மேசையிலதான் உக்காருவான். காயிதம் வந்துச்சான்னு இவன் கேக்க மாட்டான், சீனி கேப்பான். உங்க டைரக்டரு நெலாவுக்கே போயிட்டாராடான்னு.

பாக்கச் சகிக்கல. நாமளே பதிலாப் போனா என்னான்னு எனக்குத் தோணுச்சு. பாவம்னு பாதி. மீதி என்னான்னா, ஒரு நல்ல விளையாட்டுக் கெடச்சா என்னால சும்மா இருக்க முடியாது.

ஆமா தம்பி, போன் பண்ணது நான்தான். அது ஊருக்கே தெரியும், போலீசு ஸ்டேசன்ல மாத்தாகிட்டயே ஒத்துக்கிட்டேன். நீங்க தைப்பிங்ல கேட்டிருக்க மாட்டீங்க. லகாட் மளிகக் கடைக்குப் போன் போட்டு, பினாங்குல ஓட்டல்ல தங்கியிருக்கேன், உன் காயிதமெல்லாம் படிச்சேன்னு சொன்னேன். குரல் இப்ப வராது, சும்மா சொல்றேன் கேட்டுக்கங்க. ஞாயித்துக்கெழம காலையில ஒத்திகை ஒண்ணு எடுத்துப் பாக்குறேன். கேமராவ மறைச்சு வச்சிருப்போம், தேடாதே. நீ மட்டும் நெலா உடுப்புல மணல்ல நடக்கணும். மத்தவங்க வரப்பு மேல நிக்கணும், நான் கட்டுன்னு சொல்ற வரைக்கும் எவனும் உள்ள எறங்கக் கூடாதுன்னேன். அந்தப் பக்கம் ஏதோ கொரகொரன்னுச்சு. நான் போன் கட்டாயிருச்சோன்னு நெனச்சேன். அழுவுறான்.

அப்பவே, டேய் நான்தான்டான்னு சொல்லியிருக்கலாம். சொல்லல.

உடுப்ப முத்தம்மாதான் தச்சுச்சு. தேயிலப் பொட்டிக்குள்ள வெள்ளித் தாளு இருக்குமே, அத மழக் கோட்டு மேல வச்சு, பத்து நாளு தச்சுச்சு. தலைக்கு பிஸ்கட் டின்னு, கண்ணுக்கு நேரா வெட்டி பிளாஸ்டிக் ஒட்டியிருந்தான். காலுக்கு ரப்பர் பூட்ஸு, மணலு உள்ள பூந்துறாம சைக்கிள் டியூப்பால முட்டிக்குக் கீழ இறுக்கிக் கட்டியிருந்தான். லோரி புடிச்சு முப்பது பேரு வந்தானுங்க. சீனியும் வந்தான். எதுக்கு? அந்தாள நேர்ல பாத்து நாலு கேள்வி கேக்க. தலைய மட்டும் நல்லா வாரிக்கிட்டு வந்திருந்தானாம்.

அந்த எடத்துல ஈயம் அரிக்கிற பொம்பளைங்க கொஞ்சம் பேரு இருப்பாங்க. வட்டப் பலகையில மணல அள்ளிப் போட்டு, தண்ணியில ஆட்டி ஆட்டி எடுப்பாங்க. இந்தா, பின்னால கோப்ப மங்கெல்லாம் கழுவுறாங்களே வீரம்மாக்கா, அவங்களும் அப்ப அங்கதான். என்னாக்கா? ஒண்ணுமில்ல, தம்பிக்குப் பழைய கத சொல்றேன். நீங்க கழுவுங்க.

அந்த மணல்ல ஒரு சூது இருக்கு தம்பி. ஓரத்துல கெட்டியா இருக்கும். உள்ள போகப் போக மேல மட்டும் காஞ்சு ஏடு கட்டியிருக்கும், அடியில கொழகொழன்னு சேறு. லம்பத்துல வேல பாத்தவங்களுக்குத் தெரியும். தோட்டத்துல பால் வெட்டுனவனுக்கு என்னா தெரியும்? எனக்கும் தெரியாது. சத்தியமாத் தெரியாது.

ஓரமா நடந்திருந்தா ஒண்ணுமில்ல. ஆனா அவனுக்கு என்னா தோணுச்சோ, டைரக்டருக்கு நல்ல காட்சியாக் குடுக்கணும்னு நேரா நடுவுக்குப் போயிட்டான். ரெண்டு கையையும் விரிச்சு, மெதுவா, மெதக்குற மாதிரி. மொதல்ல ஒரு காலு முட்டி வரைக்கும் எறங்குச்சு. வரப்பு மேல ஒரே விசிலு. அப்பறம் ரெண்டு காலும். பூட்ஸ உருவ முடியல, கட்டியிருக்கான்ல. கத்துறான். டின்னுக்குள்ள இருந்து ம்ம்ம்னு மட்டும் வருது. டேய், நெலாப் பாஷ பேசுறான்டான்னு ஒருத்தன் சொன்னான். எல்லாரும் கை தட்டுனானுங்க. சீனியும் தட்டுனான் தம்பி. அந்த டைரக்டருக்கு வாழ்நாள்ல மொத தடவையா. கட்டுன்னு குரல் வரும்னு நின்னுக்கிட்டே இருந்தானுங்க.

எப்படி இவ்வளவு சரியாச் சொல்றேனா? சீனி சொன்னான். பின்ன? நான் எங்க அங்க இருந்தேன். ஒளிஞ்சு நின்னு பாத்துட்டுக் கடைசில வெளிய வரணும்னுதான் ஈப்போவுல பஸ் ஏறுனேன். மெங்லெம்பு தாண்டி டயர் வெடிச்சுப் போச்சு. நான் போய்ச் சேர்றப்ப பிஸ்கட் டின்னு மட்டும் மேல கெடக்குது. மாத்தாகிட்டயும் இதான் சொன்னேன். விளையாட்டு வினையாச்சுன்னு எழுதிக்கிட்டு, இனிமே போன்ல குரல் பண்ணாதன்னு எச்சரிச்சு அனுப்பிட்டாங்க.

முத்தம்மா திட்டல. அதான் தம்பி விசயம். காரியம் முடிஞ்ச அன்னிக்கி என் கையப் புடிச்சுக்கிட்டு, நீங்க மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா இழுத்துப் போட்டிருப்பீங்கண்ணேன்னு சொல்லுச்சு. வருசம் வருசம் அவன் திதிக்குப் படையல் போட்டா மொத எலை எனக்குத்தான். மூணு வருசமா அந்தச் சோத்தத் தின்னுட்டு வாரேன். அது மொத வரிசையில உக்காந்திருக்க, நான் மேல நின்னுக்கிட்டு அதே குரல்ல பத்துமலையப் பத்திப் பேசணும்னு சொல்றீங்க. டயரு வெடிச்ச கதைய நம்பிக்கிட்டு இருக்குற பொம்பள தம்பி அது.

இல்ல இல்ல, கதைன்னா, சும்மா பேச்சுக்குச் சொன்னேன். நடந்ததத்தான் சொன்னேன். நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க?

அக்கா, மெதுவா. மங்க ஒடைக்காதீங்க, தவுக்கே கத்துவான். என்னா? என்னான்னு கேட்டேன்? கொழாய மூடிட்டுச் சொல்லுங்க. வேண்டாங்க்கா. அந்தத் தம்பி வெளியூரு. கைய தொடைச்சிட்டு உள்ள போங்க. அக்கா.

சரி. சொல்லிட்டீங்க.

உங்களுக்குக் கேட்டுச்சா தம்பி? சரியாத்தான் கேட்டிருக்கு. டயரு வெடிக்கலன்னாங்க. நான் அங்கதான் இருந்தேன்னாங்க. ஆமா. ஆளு மறையிற லாலான் புல்லுக்குள்ள, சேத்துல இருந்து இந்தக் கடைக்கும் அந்த ரோட்டுக்கும் உள்ள தூரம்தான். முப்பது பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறப்ப எந்திரிச்சு மூஞ்சியக் காட்டலாம்னு இருந்தேன். இன்னும் கொஞ்சம் ஏறட்டும், இன்னும் கொஞ்சம்னு.

அக்காவுக்குச் சேறு தெரியும். பலகையப் போட்டுட்டுக் கயித்தத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தாங்க. நான்தான் புல்லுக்குள்ள இருந்து கைய நீட்டி, பொறுங்கக்கா, கெடுத்துராதீங்கன்னேன். நான் சிரிச்சுக்கிட்டே சொல்லவும், அவங்களும் ஆட்டம்தான் போலன்னு நின்னுட்டாங்க. கவர்மெண்டு பாஸ் இல்லாமத் திருட்டுத்தனமா ஈயம் அரிச்சவங்க, அப்பறம் மாத்தாகிட்ட எங்க போய்ச் சொல்லுவாங்க.

அக்கா கயித்தோட வந்தப்பவா?

அப்ப இடுப்பு வரைக்கும்தான் தம்பி போயிருந்தான்.