ஏழாம் மலையின் மூன்று செடிகள்

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் வேலுசாமி ஐயா அவர்களே! மழையில் நனைந்தும் மண்டபம் நிறைத்த பெரியவர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு ஓடிவந்த தாய்மார்களே! கொடகவெல மண்ணில் என்னோடு வளர்ந்த தோழர் தோழியரே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

"மரபணு ஆய்வுகூடத்துல என்னதான் செய்யிற?" என்று வாசலிலேயே மடக்கிக் கேட்டீர்கள். நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

நம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை என் பக்கத்தில் அமர்ந்தவள் ஜீவராணி. ஆமாம், கணக்கில் என்னை முந்திய அதே ஜீவராணிதான்! தட்டுங்கள், நன்றாகக் கைதட்டுங்கள்! தகரக் கூரையில் மழை கொட்டினால் வாத்தியார் குரல் கேட்காது. நாங்கள் இருவரும் ஒரே பூதக்கண்ணாடியில் இலை நரம்புகளை எண்ணிக்கொண்டிருப்போம். அந்த மழை வருகிறது, அந்த நாட்கள் வருமா? அவள் அம்மா நோயில் விழுந்தார். அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். நான் பரீட்சைக்குப் போனேன்.

போன வருட வறட்சியை மறப்பீர்களா? ஒரே தாய்ச்செடியின் கொப்புகளை வெட்டி நட்ட ஏழாம் மலை, ஒட்டுமொத்தமாகக் கருகியது. மூன்றே மூன்று செடிகள் மட்டும் பச்சை மாறாமல் நின்றன. அடுத்த திங்கட்கிழமை மலை முழுவதையும் பிடுங்குவதாகத் தோட்டத்துத் துரை முடிவெடுத்தார்.

"ஐயா, இந்த மூணும் வேற இனமுங்க. கொழுந்து ஒடிக்கிறப்பவே விரலுக்குத் தெரியுதுங்க" என்றாள் ஜீவராணி, அப்போதிருந்த வெளிக்கள உத்தியோகத்தரிடம்.

"எல்லாம் ஒரே கொப்புதான். போய் வேலையப் பாரு!" என்றார் அவர்.

போனாளா? போகவில்லை! வியாழக்கிழமை காலை, இலைகளை ஈரத்துணியில் தனித்தனியாகச் சுற்றி, பெல்மதுளையில் பஸ் மாறி, என் ஆய்வுகூட வாசலில் வந்து நின்றாள். இருபது வருடங்களுக்குப் பிறகு பார்க்கிறேன்.

"நீயாச்சும் பாத்துச் சொல்லு புள்ள" என்றாள்.

இலையை அரைத்தேன். மரபணு இழையைப் பிரித்தேன். அதில் வேண்டிய துண்டுகளை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுத்தேன். 'ஜெல்' என்கிற கூழ்ப்பலகையில் இட்டு மின்சாரம் பாய்ச்சினேன். சின்னத் துண்டு முந்தி ஓடும். பெரிய துண்டு பிந்தி நிற்கும். சாயமேற்றி ஒளியில் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். கருகிய செடிகளின் கோடுகள் எல்லாம் ஒரே மட்டத்தில். அந்த மூன்றின் கோடுகளோ வேறு வேறு இடத்தில்! எங்கிருந்தோ விழுந்த விதையில் முளைத்தவை அவை.

"என்ன புள்ள சொல்லுது?"

"நீ சொன்னதத்தான் சொல்லுது, ஜீவா."

அவள் அழுதாள். நானும் அழுதேன்.

சனிக்கிழமை அறிக்கை துரையின் மேசைக்குப் போனது. மூன்று செடிகளும் பிழைத்தன.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அவை வேறு என்று மட்டுமே என் சோதனை சொன்னது. வெயிலைத் தாங்கும் என்று சொன்னதா? இல்லை! அதைக் கண்டவள் யார்? அறிக்கையில் முதல் பெயர் யாருடையது? ஜீவராணியுடையது!

அந்தச் செடிகளின் நானூறு கன்றுகள் வெளியே காத்திருக்கின்றன. முதல் கன்றை நட என்னை அழைத்தீர்கள். மன்னியுங்கள், நான் நடமாட்டேன். ஜீவா, எழுந்து வா! என்ன, "இங்கனயே நிக்கிறேன்" என்கிறாயா? விடமாட்டேன். தாய்மார்களே, வழிவிடுங்கள், அவள் வரட்டும்!

இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்கள் அன்புக்கு நன்றி. ஐயா, அந்தக் கன்றை அவள் கையில் கொடுங்கள். வணக்கம்!