கார் பிரிச்சுக் கெடக்கு

...ஐயய்ய, அந்தக் கார் மேல சாயாதீங்க, கீழ செங்கல்லு அடுக்கித்தான் நிறுத்தியிருக்கு. உள்ள வாங்க, அடுப்படியிலேயே பேசுவோம். தண்ணியா? நம்ம தெருக் குழாயில ஆறு மணிக்கு மேல வரும், புதுசா குடிவந்த உங்களுக்குத் தெரியாதுல்ல. கார் அடியில ரெண்டு காலு நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அதுதான் எங்க வீட்டுக்காரரு. சவரிநாதன். காலேஜ்ல கணக்கு வாத்தியாரு. மூணு நாளா அந்தக் காலைத்தான் பாக்குறேன்.

ரிப்பேரு என்னன்னா, எஞ்சின்லேர்ந்து பின் சக்கரத்துக்கு ஒரு நீளத் தண்டு போவுதாம். அதோட மூட்டு தேஞ்சுபோச்சு. யூனிவர்சல் ஜாயிண்ட்டுன்னு பேரு. கியரு மாத்துறப்பல்லாம் டங்குன்னு ஒரு சத்தம். பாலக்கரையில போனா ஜனம் திரும்பிப் பாக்கும். ஒர்க் ஷாப்புல விடுங்கன்னேன். 'இவ்வளவு படிச்சிட்டு ஒரு மூட்டு மாத்தத் தெரியாதா எனக்கு'ன்னாரு. மெட்ராஸ்லேர்ந்து புது மூட்டு பார்சல்ல வந்துச்சு. பாத்தா சிலுவை மாதிரி இருக்கு. சிலுவையாச்சேன்னு ஒரு கும்பிடு போட்டேன்.

அதுக்குள்ள ஊசி ஊசியா இரும்புங்க. அதைப் பிரிச்சு வைக்க என் இட்லித் தட்டுதான் கெடைச்சுது அவருக்கு. குழிக்கு ஒரு பங்கா கிரீஸைத் தடவி வச்சிருக்காரு. மூணு நாளா காலையில உப்புமா.

அவசரம் ஏன்னா, நாளைக்கு எங்க மக அமலராணிய கும்பகோணத்துல கன்னியாஸ்திரி மடத்துல கொண்டுபோயி விடணும். ஆமாங்க, ஒரே மகதான். பத்தொன்பது வயசு. நீங்க ஸ்ரீரங்கத்துலேர்ந்து வந்திருக்கீங்க, உங்களுக்கு இது புதுசா இருக்கும். சாமியாரு நல்லதுன்னாரு, நாத்தனாரு நல்லதுன்னாங்க, நானும் தலையாட்டிட்டேன். நம்ம கார்லதான் கொண்டுபோயி விடுவேன்னு மககிட்ட வாக்கு குடுத்துட்டாரு. பஸ்ஸுல ஏத்த அவருக்கு மனசு வரல. கார் ஓடலைன்னா அடுத்த மாசம் வரோம்னு மடத்து மதருக்கு லெட்டரு போட்டுர்றேங்குறாரு.

அந்த மூட்டு கழண்டு வராம புடிச்சுக்க நாலு வளையம் உண்டுங்க. வாய் தொறந்த சின்ன வளையம், சுண்டுவிரலுக்குப் பத்தாது. பார்சல்ல புதுசு வரல, பழசைத்தான் மாட்டணும். காலையிலேர்ந்து அதைக் காணோம். வாசல் மண்ணைக் கூட்டிச் சலிச்சாச்சு. கோழி முழுங்கிருச்சான்னு கோழியத் தூக்கி ஆட்டிக்கூடப் பாத்தாரு. சைக்கிள எடுத்துக்கிட்டு கடை கடையா ஏறி எறங்கினாரு, அந்த அளவு இல்லேன்னுட்டாங்க.

உங்க வீட்டுக்காரரு திருவெறும்பூர் ஃபேக்டரியிலதானே? ஷிப்டு முடிஞ்சு வந்தா இதைச் சொல்லிராதீங்க. அவரு பாட்டுக்கு நாலு வளையத்தச் செஞ்சு குடுத்துருவாரு.

ஜன்னல் வழியாப் பாருங்க, என்ன பண்றாருன்னு. வேலிக் கம்பி. வேலிக் கம்பிய வெட்டி வளையமா வளைக்கிறாரு. மத்தியானமே கேட்டேன், அது தாங்குமான்னு. 'கும்பகோணம் வரைக்கும் தாங்கும்'ங்குறாரு. தாங்கலைன்னா? தண்டு கழண்டு ரோட்டுல குத்துமாம், வண்டியே தூக்கி அடிக்குமாம். கார் புஸ்தகத்துல போட்டிருக்குன்னு அமலாதான் படிச்சுச் சொன்னா. சொல்லிட்டு பெட்டி அடுக்கப் போயிட்டா.

...கொஞ்சம் நகருங்க. அந்தத் துவரம்பருப்பு டப்பாவ எடுக்கணும்.

இல்லைங்க, சமைக்க இல்ல.

இந்தாங்க. நாலும் இருக்கு. அப்படிப் பாக்காதீங்க. ஒரு மாசம் கூட இருப்பாளேன்னு பாத்தேன். வேற ஒண்ணுமில்ல.

நீங்களே கொண்டுபோயி குடுத்துருங்க. செங்கல்லு சந்துல கெடந்துச்சுன்னு சொல்லுங்க. தெருவுக்குப் புதுசு நீங்க, நம்புவாரு. நான் குடுத்தா கேள்வி கேப்பாரு. சீக்கிரம் போங்க, கம்பிய மாட்டிரப் போறாரு.

காலையில அஞ்சு மணிக்கெல்லாம் கிளம்பணும். மூணு மணி நேரம் ஆகுமாம். நான் முன் சீட்டுல ஒக்காரல. பின்னாடி அவகூட ஒக்காந்துக்குறேன்.