நோர்வேயிலிருந்து வந்தவர்

அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட் நகரில் தமிழர் நடத்தும் பார் ஒன்றின் வாசலில், வெள்ளிக்கிழமை இரவு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற இளைஞர், அவருக்கு முன்னால் நின்ற நரைமீசைக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணை, என்னைப் பார்த்தால் டூரிஸ்ட் எண்டு தெரியுதோ?"

"ஓம். இஞ்ச ஒருத்தரும் இப்பிடி ஷேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வாறேல்லை. எங்கயிருந்து?"

"நோர்வே. எங்கட டவுனில வேற தமிழ் ஆக்கள் இல்லை. இஞ்ச வந்தால் ஆரோடயும் தமிழ் கதைக்கலாம் எண்டு லீவில வந்தனான். மூண்டு நாளா வாறன், ஒருத்தரும் கதைக்கேல்லை."

நரைமீசைக்காரர் சிரிக்கவில்லை.

"நான் இருபது வருசமா வாறன், தம்பி. என்னோடயும் ஒருத்தரும் கதைக்கிறேல்லை."

காவலாளி கதவைத் திறந்து, "எத்தனை பேர்?" என்றார்.

"ரெண்டு பேர்," என்றார் நரைமீசைக்காரர்.