நாற்பத்தொன்றாம் வரியில் என் பெண்

எனக்குக் காபியில் சர்க்கரை ஒன்றரை ஸ்பூன். ஒன்று போட்டால் கசக்கும், இரண்டு போட்டால் பாயசம். இந்த அரை ஸ்பூன் சூட்சுமம் என் மனைவி பஞ்சவர்ணத்துக்குத் தெரியும். அவள் போன பிறகு என் மகள் கஸ்தூரிக்குத் தெரியும். பூலோகத்தில் மூன்றாவதாக ஒருவருக்கும் தெரியாது. ‘எதையும் விடாமல் எழுதிக் கொடுங்கள்’ என்று நீங்கள் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. அதனால் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

கஸ்தூரி உங்களிடம் கொடுத்திருக்கும் மனுவைப் படித்தேன். நாலே வரி. என்னைப் பிடித்து உள்ளே போடச் சொல்லவில்லை. அப்பா என்ன செய்தார் என்பதை அவர் கையாலேயே எழுதி வாங்கித் தாருங்கள், ஊராரிடம் காட்ட எனக்கு அந்தக் காகிதம் வேண்டும் என்கிறாள். முப்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு ஊரார் எதற்கு என்பது எனக்குப் புரியவில்லை. கேட்டுவிட்டாள், தருகிறேன். நான் எதையும் இல்லையென்று சொன்ன தகப்பன் இல்லை.

என் பெயர் கஜபதி. ஆவடி ஃபாக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு டாங்கி நகர்ந்தது கிடையாது. நான் மூன்று நாள் லீவு போட்டால் தேசத்தின் எல்லை கொஞ்சம் உள்ளே தள்ளி வந்துவிடும் என்று சக ஊழியர்கள் சொல்வார்கள். கூடுதலாகத்தான் சொன்னார்கள், ஆனாலும் நான் மறுத்ததில்லை.

ஸ்டோர்ஸில் ஒரு வழக்கம் உண்டு. சில சாமான்கள் பேரேட்டில் இருக்கும், அலமாரியிலும் இருக்கும், ஆனால் கேட்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. ஒதுக்கீடு என்று சிவப்புச் சீட்டு ஒன்று தொங்கும். இருப்பு உண்டு, வழங்கல் இல்லை. அதில் திருட்டு இல்லை, பொய் இல்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ரிட்டயர் ஆனதும் திருமுல்லைவாயிலில் என் வீட்டு முன்னறையில் திருமணத் தகவல் நிலையம் வைத்தேன். தொண்ணூற்றைந்தில் கம்ப்யூட்டர் வாங்கினேன். ஜனாதிபதி மாளிகைக்கு அடுத்தபடியாக என் வீட்டில்தான் கம்ப்யூட்டர் வந்தது என்று வருகிறவர்களிடம் சொல்வேன், பாதிப் பேர் நம்பினார்கள். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திய மனோகரன்தான் அதைக் கொண்டுவந்து வைத்து, ப்ரோக்ராமும் எழுதிக் கொடுத்தான். இருபத்தொன்பது வயது, ஒல்லி, பேசும்போது தரையைப் பார்ப்பான்.

அறைக்கு ஏ.சி. போட்டோம். தூசி ஆகாது என்று மனோகரன் சொன்னதால் செருப்பை வெளியே விட வைத்தோம். செருப்பை வெளியே விடச் சொன்னால் நம் ஜனங்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று நினைப்பார்கள்? முதல் வாரமே யாரோ மானிட்டருக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் வாரம் ஒரு முழம் மல்லிகை. நான் எடுக்கவில்லை.

திரையில் இடப்பக்கம் பெண்களின் பெயர்கள் வரிவரியாக நிற்கும். பிடித்த பெயர்மேல் அம்பை வைத்து மவுஸை அமுக்கினால் அந்த வரியில் நீலப் பட்டை விழும். பட்டை விழுந்தால்தான் வலப்பக்கம் போட்டோவும் ஜாதகமும் வரும், விலாசம் அச்சாகும். பிள்ளையைப் பெற்றவர்களே தங்கள் கையால் அமுக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். கண்ணை மூடி, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு அமுக்குவார்கள். டைப் செய்வதெல்லாம் கஸ்தூரி. வேறு ஒரு திரையில் விவரங்களை அடிப்பாள். இந்தப் பட்டியலைத் தொடுவது அவள் வேலை இல்லை.

ஊருக்கெல்லாம் வரன் பார்க்கிறீர்களே, உங்கள் பெண்ணுக்கு என்று கேட்க ஆரம்பித்தார்கள். நியாயமான கேள்வி. ‘உன் பெயரையும் ஏத்தும்மா’ என்றேன். தன் விவரங்களைத் தானே அடித்தாள். நாற்பத்தொன்றாம் வரி. சந்தனக் கலர் புடவையில் எடுத்த போட்டோவை வைத்தாள். அன்று சாயங்காலம் காபியில் சர்க்கரை இரண்டு ஸ்பூன் இருந்தது. அவளுக்கே தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் குடித்தேன், ஆனால் விஷயம் எங்கே போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் அவள் கோயிலுக்குப் போயிருந்த முக்கால் மணி நேரத்தில் ப்ரோக்ராமுக்குள் மூன்று வரி எழுதினேன். பொழுதுபோக்குக்கு என்று சொல்லி ஆறு மாதமாக மனோகரனிடமே கற்றுக்கொண்டிருந்தேன். மூன்று வரியின் சாரம் இதுதான்: நாற்பத்தொன்றில் பட்டை விழுந்தால், அதை உடனே நாற்பத்திரண்டுக்குத் தள்ளு. அவ்வளவே. அவள் பெயரை நான் எடுக்கவில்லை. வயதைக் கூட்டவில்லை. நட்சத்திரத்தை மாற்றவில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இருப்பு உண்டு.

முதலில் அகப்பட்டது குத்தம்பாக்கத்து நாகவல்லி. மகன் அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர். கஸ்தூரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த தோரணையே அந்த அம்மாளுக்குப் பிடித்துப்போயிற்று. மவுஸைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்து அமுக்கினாள்.

“இன்னா நைனா இது, உன் பொண்ணு மேல வெச்சா பக்கத்துல கீற பொண்ணாண்ட துள்ளினு போவுது?”

“இன்னொரு தரம் அமுக்கிப் பாருங்கம்மா” என்றேன்.

“அமுக்கிட்டேன். மறுக்காவும் அந்தப் பொண்ணுதான் வருது. யாரு இவ, வனஜா, வேலப்பன்சாவடி?”

மூன்றாவது முறை அமுக்கிவிட்டு, கையை எடுத்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். பிறகு கஸ்தூரியின் மோவாயைத் தொட்டாள்.

“கோச்சுக்காத கண்ணு. நான் ஒன்னைத்தான் கேட்டேன். மெசினு வோணாங்குது. அது சொன்னப்புறம் நான் இன்னா பண்ணட்டும், சொல்லு.”

வனஜாவின் விலாசத்தை வாங்கிக்கொண்டு போனாள். கல்யாணமும் ஆயிற்று, பேரனும் பிறந்தான், எனக்கு ஒரு டப்பா லட்டு வந்தது. நான் அன்று அதற்குமேல் வாயே திறக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டை நகரும் என்றுதான் எழுதினேன். மெஷின் வேண்டாம் என்று சொல்கிறது என்பதை எழுதியவள் நாகவல்லி.

அடுத்த பொங்கலுக்குள் பூந்தமல்லி வரைக்கும் தெரிந்துவிட்டது. ஆவடி பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே இதைச் சொல்லிக் கொடுத்தார் என்று கேள்வி. கம்ப்யூட்டரே தள்ளிய பெண்ணைப் பார்க்கவென்றே குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஒவ்வொருவரும் நாற்பத்தொன்றை அமுக்கிப் பார்ப்பார்கள், பட்டை துள்ளும், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், பிறகு தங்களுக்கு வேண்டியதைப் பார்ப்பார்கள். கஸ்தூரியை நலங்குக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒரு அம்மாள், ‘எம் பொண்ணு பேரை நீ அடிக்காதம்மா, அப்பாவை அடிக்கச் சொல்லு’ என்று விவரம் எழுதிய ஃபாரத்தை அவள் கையிலிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தாள். கஸ்தூரி எழுந்து உள்ளே போய் அரிசி களைந்தாள். சத்தமில்லாமல் களைந்தாள். நல்ல பெண்.

மனோகரன் ஒருவன் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் கம்ப்யூட்டருக்கு அந்த வருஷம் வந்த வியாதிகள் அமெரிக்காவில்கூட எந்தக் கம்ப்யூட்டருக்கும் வந்திருக்காது. வாரம் மூன்று முறை வந்து பார்ப்பான். கழற்றாமலே சரிசெய்வான். அவன் வருகிற நாட்களில் சமையலறையிலிருந்து முணுமுணுவென்று பாட்டுக் கேட்கும். ஒரு வியாழக்கிழமை, அவள் கடைக்குப் போயிருந்தபோது, அவன் நாற்பத்தொன்றை அமுக்கினான். பட்டை துள்ளியது. அவன் கும்பிடவில்லை, ப்ரோக்ராமைத் திறந்தான்.

“சார், இந்த மூணு வரி நான் எழுதினது இல்லையே.”

“இல்லைப்பா.”

“அப்போ யாரு?”

நான் நிதானமாகத்தான் பேசினேன். எனக்குக் குரலை உயர்த்தும் வழக்கம் இல்லை.

“கஸ்தூரிதான் எழுதச் சொன்னா மனோகரா. ஊர் வாய்க்காகப் பேரை ஏத்திட்டோம், ஆனா யார் கையிலயும் படக்கூடாதுப்பான்னு கெஞ்சினா. அவளுக்குக் கல்யாணமே பிடிக்கலை. முக்கியமா, தெரிஞ்சவங்க யாராவது வந்து கேட்டுடுவாங்களோன்னு பயப்படறா. நீ இதைக் கண்டுபிடிச்சது அவளுக்குத் தெரிஞ்சா கூசிப் போயிடுவா.”

அவன் தரையைப் பார்த்தான். “நான் அவங்களைக் கஷ்டப்படுத்திட்டேனா சார்?” என்று கேட்டான்.

“இனிமே படுத்தாம இருந்தா சரி” என்றேன்.

இரண்டு மாதத்தில் மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம். அவன் சொல்லிக்கொள்ளவும் வரவில்லை. அதைக் கேள்விப்பட்ட அன்று மத்தியானம் நான் படுத்திருக்கிறேன் என்று நினைத்து கஸ்தூரி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் பெயரைத் தானே அமுக்கினாள். பட்டை துள்ளியது. மறுபடி அமுக்கினாள். விரலை மெதுவாக வைத்துப் பார்த்தாள், அழுத்தி வைத்துப் பார்த்தாள், மவுஸின் அடியிலிருந்த பந்தைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். பதினேழு முறை. நான் கதவருகே நின்று எண்ணினேன். ஸ்டோர்ஸ் பழக்கம், எதையும் எண்ணிவிடுவேன். பதினேழாவதுக்குப் பிறகு திரையில் இருந்த குங்குமத்தின் எதிரே கை கூப்பினாள். ‘சரி’ என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு எழுந்து எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். ஒன்றரை ஸ்பூன், இம்மி பிசகவில்லை. அதற்குப் பின் வந்த மூன்று வருஷமும் எங்கள் வீட்டில் அமைதிக்குக் குறைவில்லை.

இதையெல்லாம் கெடுத்தது வரப்போகிற இரண்டாயிரம். அந்த வருஷம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பி நின்றுவிடும் என்று பேப்பரில் போட்டுவிட்டான். நான் கொஞ்சம் பயந்துவிட்டேன். ஜேம்ஸ் என்று ஒரு இஞ்சினீயர் சோதிக்க வந்தார். ப்ரோக்ராமைத் திறந்து கடகடவென்று படித்துக்கொண்டே போனவர், கஸ்தூரியை வைத்துக்கொண்டே சிரித்தார்.

“அங்கிள், எவன் பண்ண வேலை இது? நாப்பத்தொண்ணாவது ஆளை மட்டும் யாருமே எடுக்க முடியாதபடி கட்டி வெச்சிருக்கான். யாருங்க அந்தப் பாவம்?”

கஸ்தூரி சிரிக்கவில்லை. அவர் போன பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “நான் அன்னைக்கு அமுக்கி அமுக்கிப் பார்த்தேனே, நீங்க முழிச்சிருந்தீங்களாப்பா?”

பொய் சொல்ல எனக்கு வராது. “பதினேழு தடவைம்மா” என்றேன்.

ஒரு பையோடு அம்பத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் உங்களிடம் மனு.

ஆகவே எழுதுகிறேன்: அந்த மூன்று வரியை எழுதியது நான். மெஷின் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தக் காகிதத்தை அவள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளட்டும்.

எதையும் விடக் கூடாது என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இது கஸ்தூரிக்குத் தெரியாது. போன வருஷம் ஆடி மாதம் மஸ்கட்டிலிருந்து அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. நாலு பக்கம். இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லையாம். ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த விமானத்தில் வருவானாம், இல்லையென்றாலும் அதை அவளே தன் வாயால் சொல்லிவிடட்டுமாம், அதற்குப் பிறகு எழுதவே மாட்டானாம். மரியாதையான கடிதம். விலாசத்தை என்னிடம் கேட்காதீர்கள், உறையோடு வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன்.

பதில் போடாமல் விடுவது பண்பில்லை. கம்ப்யூட்டரில் அடித்துவிட்டால் கையெழுத்துப் பார்க்க வழியில்லை. ஒரு விரலால் தட்டித் தட்டி ஒரு மணி நேரம் ஆயிற்று. விருப்பமில்லை, இனி எழுத வேண்டாம் என்று இரண்டே வாக்கியம். கீழே கஸ்தூரி என்று அடித்தேன். அவளிடம் கேட்டுவிட்டு அனுப்பலாமே என்று ஒரு கணம் தோன்றியது. அவள் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், அந்த நேரத்தில் எதற்குத் தொந்தரவு என்று நானே தபாலில் சேர்த்துவிட்டேன். பெற்றவனுக்குத் தெரியாதா, அம்மா, பெண்ணின் மனசு.