தானா ஆஃப் ஆகுது

— மறுபடியும் ஆஃப் ஆயிடுச்சா? பதினோரு மணிக்கு இன்டர்வியூவை வச்சுக்கிட்டு, பத்தரைக்குக் கம்ப்யூட்டர் மூடியைக் கழட்டிப் போட்டு உக்காந்திருக்கீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா?

— நான் என்னடி பண்றது? நல்லாத்தான் ஓடுது. திடீர்னு ஸ்கிரீன் நீலமாகி, மெமரியில கோளாறுன்னு எழுதிக் காட்டுது. அப்படியே ஆஃப் ஆகி, தானா திரும்ப எழுந்திரிக்குது. நீயும்தானே பார்க்குற?

— நான் எங்கே பார்த்தேன்? இப்பல்லாம் நான் ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்குப் போனப்புறம்தானே அதுக்கு வலிப்பு வருது. நர்ஸைக் கண்டா அதுக்கும் பயம் போல.

— கிண்டலா இருக்கா உனக்கு?

— பின்ன ஒப்பாரி வைக்கவா? ஃபேக்டரியை மூடி ஏழு மாசமாச்சு. டிராயிங் செக்‌ஷன்ல இருபது வருஷம் இருந்த மனுஷனை ஒரே ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கு. வீட்டுல இருந்தே வீடியோவுல வரைஞ்சு காட்டுங்கன்னு கேட்டா, ரெண்டு தடவையும் நடுவுல அவிஞ்சு போச்சு. இன்னைக்கும் அவிஞ்சா அவங்க காறித் துப்பிட்டுப் போயிடுவாங்க. இந்தா, என் தம்பியே வந்துட்டான். வாடா, செருப்பு அங்கேயே கிடக்கட்டும், சீக்கிரம் வா.

— என்ன மாமா, இன்னும் இதோட மல்லுக்கட்டுறீங்களா? என் லேப்டாப்பைக் கொண்டுவரேன்னா அதுவும் வேண்டாம்னுட்டீங்க.

— லேப்டாப்ல எனக்குக் கை வராது மாப்ள. இதுல எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன். மெமரிக்குன்னு இருக்கிற ரேமைக் கழட்டி, ரப்பர் போட்டுத் தேய்ச்சு, ஒண்ணு ஒண்ணா மாட்டினேன். இடம் மாத்தி மாட்டினேன். நீ கொடுத்த பென்டிரைவ்ல பத்து மணி நேரம் டெஸ்ட் ஓடவிட்டேன்.

— டெஸ்ட்ல என்ன வந்துச்சு?

— ஒரு ரேம்ல வரிசையா சிவப்புல தப்பு காட்டுச்சே.

— அது பழைய கதை மாமா. அந்த ரேமைத்தான் பத்தாம்தேதியே மாத்திட்டோமே. அதுக்கப்புறம்?

— அதுக்கப்புறமும்தான் ஆஃப் ஆகுது. புது ரேமும் சரியில்லையோ என்னமோ.

— புது ரேம் சரியில்லன்னு மூணு தடவை திருப்பிக் கொடுத்தீங்க. மூணையும் கடையில போட்டுப் பார்த்தேன், ஒரு குறையும் இல்ல. பவர் சப்ளையும் மாத்தியாச்சு.

— டேய், நீ கடை வச்சு என்னடா புண்ணியம்? ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டரை எல்லாம் சரி பண்ற, அக்கா வீட்டுல இருக்கிற ஒண்ணு மட்டும் உனக்கு டாட்டா காட்டுது.

— கத்தாதக்கா. சிம்பிள். இது எப்பெப்போ ஆஃப் ஆச்சுன்னு உள்ளேயே ஒரு பதிவு இருக்கும். நகருங்க மாமா, பார்த்துடுவோம்.

— அதெல்லாம் எதுக்குப்பா இப்போ? நேரமாகுது.

— ஒரு நிமிஷம்தான். இந்தா, வந்துடுச்சு. மூணாம்தேதி ஒண்ணு. நாலாம்தேதி ரெண்டு. ஆறாம்தேதி ஒண்ணு, அது முதல் இன்டர்வியூ அன்னைக்கு. பத்தாம்தேதி ரேம் மாத்தினோம். அதுக்கப்புறம்...

— ஏன்டா நிறுத்திட்ட?

— ஒண்ணுமில்லக்கா.

— மூஞ்சியப் பாரு. சொல்லுடா.

— அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவைதான். போன வியாழக்கிழமை, பதினொண்ணு நாலுக்கு. அதுவும் தானா ஆஃப் ஆகல. யாரோ சுவிட்சை அழுத்திப் பிடிச்சிருக்காங்க.

— ரெண்டாவது இன்டர்வியூ நேரம்டா அது! ஏங்க... என்னைப் பாருங்க. நீங்களேவா?

— ஆமா.

— அப்போ இன்னைக்குக் காலையில ஆஃப் ஆச்சுன்னது?

— ஆகல.

— ஐயோ, ஒரு வாரமா என்னைக் கிறுக்கியாக்கி வச்சிருக்கீங்களே! ஆஸ்பத்திரியில ஊசி போடுறப்போகூட இந்த டப்பா ஞாபகம்தான் எனக்கு. ஏங்க இப்படிப் பண்ணீங்க?

— முதல் தடவை முகம் தெரியறதுக்குள்ளயே அவிஞ்சுபோச்சு, அன்னைக்குத்தான் முகம் தெரிஞ்சுதுடி. எதிர்ல உக்காந்திருக்கிறவன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு.

— யாரு?

— எங்க செக்‌ஷனுக்குப் பயிற்சிக்கு வந்த பையன். எட்டு வருஷத்துக்கு முன்னாடி இருக்கும். கோடே ஒழுங்கா வரலன்னு அத்தனை பேர் முன்னாடி அவன் ஷீட்டைக் கிழிச்சுப் போட்டு, நாளையிலேர்ந்து வராதன்னு அனுப்பிட்டேன். அங்கே இப்போ அவன்தான் மேனேஜர்.

— அவன் ஏதாவது சொன்னானா?

— வணக்கம் சார்னான். மேல எதுவும் சொல்றதுக்குள்ள என் கை சுவிட்சுக்குப் போயிடுச்சு. அவன் முன்னாடி நான் வரைஞ்சு காட்டணுமா? இந்த வயசுல?

— சரி, ரெண்டு தடவை கட் ஆகியும் இன்னைக்கு மூணாவதா நேரம் கொடுத்தது யாரு மாமா?

— அவனேதான். வேற எதுக்கு? ஆசை தீர என் மூஞ்சியப் பார்க்கத்தான்.

— மாமா, இருங்க. மெயில் ஒண்ணு இப்போதான் வந்து விழுது. அந்த மேனேஜர்கிட்டேர்ந்துதான். படிக்கவா?

— வேண்டாம்.

— நீ படிடா. எது வந்தாலும் வரட்டும்.

— "சார், மிஷின் படுத்துதுன்னா விட்டுடுங்க. வண்டி அனுப்பறேன், நேர்லயே வந்துடுங்க. இங்கே எட்டுப் பேர் வரையறோம், கோடு தப்புன்னு முகத்துக்கு நேரா சொல்ல ஒரு ஆள் இல்ல."