தாழ்மேகம் என்று மட்டும் சொன்னாள்

நான் துறைமுகச் சாலையின் கடைசிக் கட்டிடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருந்து வருகிறேன். வயது அறுபத்தொன்று. தையல் வேலை. அடுத்தவர் சட்டைக்கெல்லாம் பட்டன் வைத்துக் கொடுத்துவிட்டு என் சட்டையில் ஒன்று குறைவாகவே திரிவதால், பட்டன் டெய்லர் என்றால்தான் என்னை யாருக்கும் தெரியும். பள்ளிப் படிப்பை நான் முடிக்கவில்லை, அதுதான் என்னை முடித்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியும். மனைவி காலமாகிவிட்டார். மூத்தவள் மகள், வானிலை அலுவலகத்தில் கடலின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். ஏதோ அந்தச் செயற்கைக்கோளை நானே அளவெடுத்துத் தைத்ததைப் போல அக்கம்பக்கத்தில் பெருமை பேசித் திரிந்தவன் நான். இளையவன் மகன், விசைப்படகு ஓட்டினான். இறந்துபோனவன் அவன்தான்.

சம்பவத்தன்று விடியற்காலையில் மகன் கடலுக்குக் கிளம்பினான். மகள் அலுவலகத்தில் இரவுப் பணியில் இருந்தாள். கிளம்பும் முன் அக்காவைப் போனில் கூப்பிடுவது அவன் வழக்கம். இரண்டு கையிலும் சாமான் இருந்ததால் போனை என் வெட்டுமேஜை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். ஆகையால் பேசியது முழுவதையும் நான் கேட்டேன்.

“என்னக்கா, மேல இருந்து பாத்தா நாங்கல்லாம் எறும்பு மாதிரி தெரியறோமா?”

“உன் சொட்டைத் தலை மட்டும் பளபளன்னு தெரியுதுடா.”

“அதை விடு. கடல் எப்படி?”

“உன் பக்கம் பூரா தாழ்மேகம்டா. பாத்துப் போ.”

“மழை?”

“மழை இல்ல.”

“அப்ப மேகம் பாட்டுக்கு மேல கிடக்கட்டும், நான் என் பாட்டுக்குக் கீழ போறேன்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதன் பிறகு அவன் போய்விட்டான்.

அதன் பிறகு நான் ஒரு கால்சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். பொழுது விடிந்தும் எதிர்க்கட்டிடம் தெரியாததால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன், அப்போதும் தெரியவில்லை. மூடுபனி என்று அதன் பிறகுதான் புரிந்தது. மகனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மத்தியானம், அவனோடு போயிருந்த படகு மெக்கானிக்கை மட்டும் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பனியில் சரக்குக் கப்பல் பக்கத்தில் வந்த பிறகே தெரிந்தது, இடித்துவிட்டது, “மேகம்தான், பயமில்லன்னு அக்கா சொன்னதா அண்ணன் சொன்னாரு” என்று அவர் சொன்னார். மறுநாள் உடலை நான் அடையாளம் காட்டினேன். முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. சட்டை நான் தைத்தது. இடது தோளை ஒரு விரல்கடை இறக்கித் தைக்கச் சொல்வான், அந்த இறக்கம் இருந்தது.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, மகளிடம் நான் கேட்காமலேயே அவள் என் மேஜையில், கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் சாம்பல் நிற லைனிங் துணியை விரித்தாள். பிறகு அதே துணியை ஒரு சாண் உயரத்தில் இழுத்துப் பிடித்தாள்.

“நேர் மேல இருந்து பாத்தா, இது மேஜையில ஒட்டிக் கிடக்கா, தூக்கி நிக்குதான்னு தெரியுமாப்பா?”

“தெரியாதும்மா.”

“எங்களுக்கும் படத்துல முதுகுதான் தெரியும், அடி தெரியாது. அடி தண்ணியத் தொட்டா பனி, தொடலன்னா மேகம். அதனால ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சிருக்கோம். தாழ்மேகம்னா எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் பனியும் சேத்துத்தான். அவன் எங்க ஆபீஸ் ஆளு இல்லையேப்பா.”

அன்று முதல் அவள் சரியாகப் பேசுவதில்லை. வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவள் பேச்சே காரணம் என்று முடிவானால் வழக்கு அவள் மேல் வரும் என்றும் இங்கே காவல் நிலையத்தில் சொன்னார்கள்.

தெரிந்த வக்கீல் ஒருவர் நேற்று வீட்டுக்கு வந்து, “பனின்னும் அவ சொன்னதா வாக்குமூலத்துல ஒரே ஒரு வார்த்தை சேத்துக்குங்க, பொண்ணு தப்பிச்சிரும்” என்றார். எனக்குச் சரி என்றுதான் பட்டது. இருந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றுதான் மிச்சம். ஆனால் உள்ளறையிலிருந்து மகள் வந்து, “சேக்காதீங்கப்பா. அவனுக்குச் சொல்லாத வார்த்தைய இப்ப யாருக்குச் சொல்லப் போறீங்க?” என்றாள். வக்கீல் போய்விட்டார்.

ஆகவே சொல்கிறேன். மூடுபனி என்று என் மகள் சொல்லவில்லை. பனி இல்லை என்றும் சொல்லவில்லை, பயமில்லை என்றும் சொல்லவில்லை. பார்த்துப் போ என்று சொன்னாள்.

இதை எழுதிய எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டியபோது, போனில் பேசிய இடத்தில் “தாழ்மேகம், மூடுபனி” என்று இருந்தது. கேட்டதற்கு, எழுதுகிற வேகத்தில் வந்துவிட்டது என்று சொல்லி, என் முகத்தைப் பார்த்தபடி பேனாவை எடுக்காமல் இருந்தார். இரண்டாவது வார்த்தையை அடிக்கச் சொன்னேன். மறுபடியும் சொன்ன பிறகு அடித்தார். அடித்த இடத்தின் ஓரத்தில் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.

இதில் உள்ளது யாவும் நான் கண்டதும் கேட்டதுமே. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. படிக்கக் கேட்டு, சரியென்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
இறந்தவரின் தந்தை